மிஷினை விற்கவா, அது செய்யும் வேலையை விற்கவா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: மிஷினை விற்காமல் அது செய்யும் வேலையை மட்டும் விற்கிற உற்பத்தியாளர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று. அதைப் பிடித்துக்கொண்டு பதுளையில் இருந்து மஸ்கெலியா வரை கேள்விகள் வந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

இறுதியாண்டு ஆய்வுக்குப் 'பொருள் – சேவை முறைமை' (பொருளோடு சேர்த்தோ பொருளுக்குப் பதிலாகவோ சேவையை விற்பது) என்ற தலைப்பை விரிவுரையாளர் தந்திருக்கிறார். எதை வாசித்தாலும் விமான எஞ்சின், ஐரோப்பா என்றே இருக்கிறது. தோட்டத்தில் இருந்து வந்த நான் இதை எங்கே போய் ஆராய்வது? தலைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவா?
– மாணவி, பதுளை

மாற்றாதீர்கள் தங்கச்சி. விமான எஞ்சின் எல்லாக் கட்டுரையிலும் வருவதற்குக் காரணம் அது பழைய கதை, விளக்க லேசான கதை, அவ்வளவுதான். 1962இல் பிரிட்டனில் பிரிஸ்டல் சிட்லி என்ற கம்பெனி, தன்னுடைய வைப்பர் எஞ்சின் பூட்டிய சின்ன ஜெட் விமானங்களை வைத்திருந்தவர்களிடம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. பழுது பார்ப்பது, உதிரிப்பாகம், மாற்று எஞ்சின் எல்லாம் எங்கள் பாடு, நீங்கள் பறக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும் என்றார்கள். பிறகு ரோல்ஸ் ரோய்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கி, ஏற்பாட்டையும் எடுத்து வளர்த்தது. முன்பு எஞ்சின் அடிக்கடி பழுதானால் செய்தவனுக்கு லாபம், உதிரிப்பாகம் விற்கலாம். மணிக்கணக்கில் காசு வாங்கத் தொடங்கியதும் அதே பழுது செய்தவனுக்கு நட்டம். பழுதுச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது மாறினால் மிஷினைச் செய்கிற விதமும் மாறிவிடும். உங்கள் ஆய்வில் எந்த உதாரணத்தை எடுத்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பின்னால் தானாக வரும்.

சரித்திரப் பகுதிக்கு மூன்று பெயர் போதும். 1988இல் சாண்ட்ரா வாண்டர்மெர்வ, ஹுவான் ராடா என்ற இருவரும் உற்பத்திக் கம்பெனிகள் சேவையின் பக்கம் சாய்வதைப் பற்றி எழுதினார்கள். 1999இல் நெதர்லாந்தில் மார்க் கூட்கூப் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிய அறிக்கையில் இருந்துதான் உங்கள் தலைப்பு பரவலானது. 2004இல் ஆர்னோல்ட் டக்கர் இதை மூன்று கூறாகவும் அதற்குள் எட்டு வகையாகவும் பிரித்தார். பொருளை விற்று அதோடு சேவையும் கொடுப்பது ஒன்று. பொருளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாவனையை மட்டும் கொடுப்பது இரண்டாவது, வாடகை, குத்தகை எல்லாம் இதில் வரும். மிஷினைப் பற்றிப் பேச்சே இல்லாமல் கிடைக்கும் பலனுக்குக் காசு வாங்குவது மூன்றாவது.

இப்போது வெலிமடைப் பக்கம் போய் நில்லுங்கள். லேண்ட்மாஸ்டர் என்ற கை டிராக்டர் வைத்திருப்பவர் வந்து, தன் ஆளை வைத்து, தன் டீசலில் உழுது, ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறார். இது டக்கருடைய மூன்றாவது கூறு, அச்சொட்டாக. அவருக்கு இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாது, தெரிந்தாலும் டீசல் விலை குறையப் போவதில்லை. ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பிக் கடைக்காரர் கொழும்புக் கம்பெனி ஒன்றின் மிஷினை வைத்துக்கொண்டு பிரதிக்கு இவ்வளவு என்று கட்டுகிறாரா, அதுவும் மூன்றாவதுதான். நிறையப் பேர் அதை வாடகை என்று நினைத்து இரண்டாவதில் போட்டுவிடுவார்கள், வாய்மொழிப் பரீட்சையில் அங்கேதான் மடக்குவார்கள், கவனம். பிரதிக்குக் காசு என்ற யோசனையை உலகத்துக்குக் காட்டியதே ஸெரொக்ஸ் கம்பெனிதான். 1959இல் வந்த அவர்களுடைய 914 மிஷினின் விலை ஆட்கள் வாங்க முடியாத அளவுக்கு அதிகம், ஆகவே மாதம் 95 டொலருக்கு விட்டார்கள், 2,000 பிரதி அதற்குள் அடக்கம், மேலே போனால் பிரதிக்கு 4 சதம். ஆட்கள் ஒரு நாளைக்கே 2,000 பிரதி எடுக்கத் தொடங்கினார்கள். மிச்சக் கதையை நீங்களே ஊகிக்கலாம்.

ஆய்வுக் கேள்வியைச் சின்னதாக எடுங்கள். தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டர் மாதிரி விலை கூடிய மிஷினை நான்கு சிறு தேயிலைத் தொழிற்சாலைகள் சேர்ந்து கிலோவுக்கு இவ்வளவு என்று பாவிக்க முடியுமா, முடியாவிட்டால் எது தடை: தூரமா, கொழுந்து கூடும் நாள் எல்லோருக்கும் ஒன்றாக வருவதா, ஒருவர் தூள் இன்னொருவர் தூளோடு கலந்துவிடும் என்ற பயமா? மூன்று தொழிற்சாலையில் தேயிலை செய்வதைப் பார்க்கும் டீமேக்கரோடு உட்கார்ந்து பேசினாலே ஓர் அத்தியாயத்துக்கு விஷயம் கிடைக்கும். 'மலையகத்தில் பொருள் – சேவை முறைமையின் எதிர்காலம்' என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள், முடிக்கவே மாட்டீர்கள்.

நான் ஹட்டனில் தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கும் மிஷின் விற்று, திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இப்போது யாரும் புதுசு வாங்குகிறார்கள் இல்லை. நுவரெலியா, கந்தப்பொளைப் பக்க மரக்கறித் தோட்டக்காரருக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்று யோசிக்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உலகமே அப்படிப் போகிறது போல. துணிந்து இறங்கலாமா?
– கடைக்காரர், ஹட்டன்

உலகமே போகவில்லை அண்ணன், போனவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். 2005இல் சுவிட்சர்லாந்தில் கெபாவர், ஃப்ளைஷ், ஃப்ரீட்லி என்ற மூவர், சேவைக்காக நிறையச் செலவழித்த உற்பத்தியாளர்களுக்கு அந்த அளவுக்கு லாபம் திரும்பி வராததைப் பற்றி எழுதினார்கள். 2008இல் ஆண்டி நீலி என்ற பேராசிரியர் 10,000க்கும் அதிகமான கம்பெனிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். சேவையில் இறங்கிய கம்பெனிகளுக்கு வருமானம் கூட, ஆனால் வருமானத்தில் லாபமாக நின்ற பங்கு குறைவு. ஆட்கூலி, பொருளிலும் சொத்திலும் முடங்கும் முதல் என்று போய்விடுகிறது. பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் நாம் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு பெற்றோலில் ஓடும் மோட்டார் 75,000 ரூபாய் என்றும் பெரிய வேலை வைக்காமல் 1,000 மணித்தியாலம் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 ரூபாய் தேய்மானம். அதற்கு மேல் பிளக், ஒயில், சீல், கார்பரேட்டர் கழுவுவது. அதற்கும் மேல் ஹட்டனில் இருந்து கந்தப்பொளைக்கு ஏற்றி இறக்கும் கூலி, வாடகைத் தொழிலை விழுத்துகிற செலவு பெரும்பாலும் இதுதான். மோட்டார் ஹட்டனில் இருந்தால் உங்களுக்கு ஆகாது. கந்தப்பொளையிலோ ராகலையிலோ நம்பிக்கையான ஒரு கடையில் நான்கைந்து மோட்டாரை நிறுத்தி, அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தால்தான் சரிவரும்.

அடுத்தது, எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும். பெப்ரவரி, மார்ச் வெயில் காய்ச்சலில் கரட்டுக்குத் தண்ணீர் இறைக்க ஊரே மோட்டார் கேட்கும். மழை பிடித்துவிட்டால் ஒருவரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், மோட்டார் சும்மா கிடந்து கார்பரேட்டருக்குள் பெற்றோல் பிசின் கட்டும். மழை மூட்டத்தில் உருளைக்கிழங்குக்கு வெளிறல் நோய் பயத்தில் மருந்தடிக்கும் மிஷினுக்கு அடிபிடி வரும். நீங்கள் இரண்டையும் வைத்திருப்பதால் ஒன்று தூங்கும்போது மற்றது உழைக்கும். மோட்டார் மட்டும் என்றால் நான் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன்.

நாள் வாடகையா, மணிக்கா? நாள் வாடகைக்கு விட்டால் விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை ஓட்டி, பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பித் தருவார்கள். டக்கரும் இதைச் சொல்லியிருக்கிறார்: வாடகைப் பொருளை ஆட்கள் சொந்தப் பொருளைப் போலப் பார்க்காததால் குத்தகை முறையில் சில நேரம் பொருள் இன்னும் கெதியாகப் பழுதாகும். மணிக்கணக்கு என்றால் மீட்டர் வேண்டும். சின்ன எஞ்சினுக்கென்றே மீட்டர் இருக்கிறது, தீப்பெட்டி அளவு, அதன் வயரை பிளக் வயரில் நான்கைந்து சுற்றுச் சுற்றினால் எஞ்சின் ஓடுகிற நேரத்தை எண்ணும். ஆனால் சுற்றியதைக் கழற்றவும் தெரிந்த ஆட்கள் நம் ஆட்கள். கழற்றிவிட்டு ஓட்டினால் எண்ணாது. ஆகவே வயருக்கு மேல் ஒரு சீல் போடுங்கள், சீல் உடைந்து வந்தால் முழு நாள் வாடகை என்று துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நானாக இருந்தால் முதல் பருவத்தில் இவ்வளவு தூரம் போக மாட்டேன். ஏற்கெனவே மோட்டார் வைத்திருப்பவர்களிடம், வருடம் இரண்டு தடவை வந்து பார்த்துத் தருகிறேன், பருவத்தில் நின்றுபோனால் திருத்தும் வரை என் மோட்டாரைப் பாவியுங்கள், வருடத்துக்கு இவ்வளவு என்று பேசுவேன். கையில் முன்பணம் வரும், வாடகைக்கு என்று புது முதல் போட வேண்டியதில்லை, யார் மிஷினை எப்படிப் பாவிக்கிறார் என்பதும் கண்ணால் தெரிந்துவிடும். வாடகைக்கு யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது அதற்குள் உங்களுக்கே விளங்கும்.

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஒரு பழைய டிரையர் கிடக்கிறது. இரும்பில் 'சிரோக்கோ', 'பெல்ஃபாஸ்ட்' என்று வார்த்திருக்கிறது. அந்தக் காலத்தில் அயர்லாந்தில் இருந்து வந்த மிஷினை யார் திருத்தினார்கள்?
– வாசகர், ஹப்புத்தளை

சாமுவேல் டேவிட்சன் என்பவருடைய கம்பெனி. அசாம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ வேர்க்ஸ் என்று தொடங்கி, தேயிலை காய வைக்கும் மிஷின் செய்து உலகம் பூரா அனுப்பினார். திருத்துவதற்கு இங்கேயே எஞ்சினியரிங் கம்பெனிகள் இருந்தன. வோக்கர்ஸ் கம்பெனி 1854இல் கண்டியில் தொடங்கியது, அப்போது தேயிலையே இல்லை, கோப்பி மிஷின் காலம். மிஷினை விற்பது, மலைக்கு மேல் ஏற்றிப் பூட்டுவது, வருடா வருடம் ஆள் அனுப்பித் திருத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்வது இந்த மலைகளுக்கு ஒன்றும் புதிதில்லை. டிரையரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம் என்று தோட்டத் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்யும் தொழிற்சாலையில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு கம்பெனி வந்து, கணக்கு, கையிருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் ஈஆர்பி மென்பொருளைப் போட்டால் எல்லாம் ஒரு பட்டனில் தெரியும் என்கிறது. விலையைக் கேட்டு முதலாளிக்குத் தலை சுற்றிவிட்டது. நான் எல்லாவற்றையும் எக்செலில்தான் வைத்திருக்கிறேன். அது போதாதா?
– எழுதுவினைஞர், கம்பளை

இந்த மாதம் வந்ததில் நான் அதிக நேரம் செலவழித்த கேள்வி இது, பதிலும் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஆர்பி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு அது எங்கே உதைக்கும் என்பதும் தெரிந்துவிடும். 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி என்பவர் டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் கம்பெனியில் ஒரு முறையை வகுத்தார். அடுத்த மாதம் இத்தனை டிராக்டர் வேண்டும் என்றால், ஒரு டிராக்டருக்கு எத்தனை சில்லு, எத்தனை போல்ட், எத்தனை பெயாரிங் என்று பட்டியல் போட்டு, கையிருப்பைக் கழித்து, எதை எப்போது வாங்க வேண்டும் என்று கணினியே சொல்லும். அதன் மேல் கணக்கு, சம்பளம், விற்பனை எல்லாம் ஏறிக்கொண்டே போய், 1990இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் அதற்கு ஈஆர்பி என்று பெயர் வைத்தது. நடுவில் 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் தொடங்கியதுதான் எஸ்ஏபி என்ற பெரிய ஈஆர்பி கம்பெனி.

இதில் எல்லாமே பல சாமானைச் சேர்த்து ஒரு பொருள் செய்கிற கணக்கு. தேயிலை நேர் தலைகீழ். ஒரே கொழுந்து உள்ளே போகிறது, பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட், இன்னும் பல தரம், கடைசியில் கழிவுத் தேயிலை என்று பலது வெளியே வருகிறது. நாளைக்கு பிஓபி மட்டும் வேண்டும் என்று நீங்கள் கட்டளையிட முடியாது. எது எவ்வளவு வரும் என்பதை மழையும், கொழுந்தின் தரமும், ரோலரில் டீமேக்கர் கொடுக்கும் அழுத்தமும்தான் தீர்மானிக்கும். 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் என்பது பொதுவான கணக்கு, ஆனால் ஈரக் கொழுந்து வந்த நாளில் அது அப்படியே இருக்குமா? வந்த கம்பெனியிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஒரு மூலப்பொருளில் இருந்து பல தரம் வருவதை உங்கள் மென்பொருள் எப்படி எழுதும், செலவை எந்தத் தரத்தின் தலையில் எப்படிப் பிரிக்கும்? "அதெல்லாம் செய்யலாம் சேர்" என்று பதில் வந்தால் இப்போதே செய்து காட்டச் சொல்லுங்கள்.

எப்படிக் காட்டச் சொல்வது? அவர்களுடைய மாதிரித் தரவில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். உங்கள் தொழிற்சாலையின் மாதக் கடைசி நாளை எடுத்துக் கையில் கொடுங்கள். 31ஆம் திகதி பின்னேரம் லொறியில் வந்த கொழுந்து, சாக்கு எடையும் தண்ணீர்க் கழிவும் போக நிறுத்து, கொழுந்து வாட்டும் நீளத் தொட்டியான ட்ரஃபில் இரவு முழுக்க வாடி, 1ஆம் திகதிதான் தூளாகிறது. கொழுந்துக்காரருக்கு அது போன மாதக் கொழுந்து. தூள் இந்த மாதத் தூள். ட்ரஃபில் கிடந்ததை மாதக் கையிருப்பில் எங்கே காட்டுவது? பல மென்பொருள் இந்த இடத்தில்தான் முழிக்கும். அடுத்தது கொழுந்து விலை. தொழிற்சாலையின் விற்பனைச் சராசரியில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்ற நெடுநாளைய சூத்திரத்தில் அதைப் பார்க்கிறோம். விற்பனைச் சராசரியோ கொழும்பு ஏலத்தில் இன்வொய்ஸ் (ஏலத்துக்கு அனுப்பும் தூள் தொகுதி) விற்று, தரகர் கணக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும். 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020இல் ஒன்லைனுக்குப் போய்விட்டது, ஆகவே தரகர் தருவதை நேரே மென்பொருளுக்குள் எடுக்க முடியுமா, இல்லை நீங்கள் இருந்து தட்ட வேண்டுமா என்பதும் கேட்க வேண்டியது. கடைசியாக, கொழுந்துக்காரரின் பாஸ் புத்தகம்: முன்பணம், உரம், தேயிலைப் பக்கெட், லொறிக் கூலி எல்லாம் கழித்து மாதம் எவ்வளவு கையில் என்பது. அதில் ஒரு ரூபாய் பிழைத்தால் அடுத்த நாள் கொழுந்து பக்கத்துத் தொழிற்சாலை லொறியில் ஏறிவிடும்.

சரி, எக்செல் போதுமா? உங்களுக்குப் போதும், நீங்கள் லீவில் போகும் நாளில் தொழிற்சாலைக்குப் போதாது. எந்தக் கட்டத்தில் என்ன சூத்திரம் இருக்கிறது என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறதென்றால், முதலாளி பயப்பட வேண்டியது அதற்குத்தான், ஈஆர்பி விலைக்கு அல்ல. யாராவது ஒரு கட்டத்தின் மேல் தெரியாமல் எண்ணைத் தட்டிவிட்டால் அந்த மாதம் முழுக்கப் பிழைக்கும், யார் தட்டியது என்றும் தெரியாது. நல்ல மென்பொருள் யார், எப்போது, எதை மாற்றினார் என்று வைத்திருக்கும். நான் அதற்குக் காசு கொடுப்பேன், கலர் கலராகப் படம் காட்டுவதற்குக் கொடுக்க மாட்டேன்.

முழு ஈஆர்பிக்கு முன்னால் கொழுந்துக் கணக்கையும் கொழுந்துக்காரர் கணக்கையும் மட்டும் ஒரு சின்ன மென்பொருளுக்கு மாற்றிப் பாருங்கள். மும்பையில் இருந்து வரும் ஈஆர்பி நெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூவில் ஒரு பதிப்பு, இரண்டும் திறந்த மூலம், உரிமக் காசு இல்லை. காசு இல்லை என்றால் செலவில்லை என்று நினைத்துவிட வேண்டாம், பூட்டித் தருபவருக்கும் பழக்கித் தருபவருக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

எதைப் போட்டாலும் கொழுந்து கொட்டுகிற மாதத்தில் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற பெரிய சொக்லேட் கம்பெனி 1999இல் பல கோடி டொலர் செலவழித்து மூன்று மென்பொருளை ஒன்றாக, அதுவும் சொக்லேட் அதிகம் விற்கும் ஹலோவீன் பருவத்துக்குச் சற்று முன்னால் ஓடவிட்டது. சொக்லேட் கிடங்கில் கிடந்தது, கடைக்குப் போகவில்லை, அந்தக் காலாண்டு விற்பனையே அடி வாங்கியது. புது மென்பொருளையும் உங்கள் எக்செலையும் ஒரு முழு மாதம் சேர்த்தே ஓட்டி, கொழுந்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு இரண்டிலும் ஒன்றாக வந்த பிறகு பழையதை நிறுத்துங்கள். அந்த ஒரு மாதம் உங்களுக்கு இரட்டை வேலை, அதற்குத் தனிக் காசு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எழுத்தில்.

அம்மா கொழுந்து பறிக்கிறார். முன்பு கங்காணி தராசில் நிறுத்து எழுதுவார். இப்போது டிஜிட்டல் தராசும் அட்டையும். அம்மா கூடை நிறையப் பறித்தும் கிலோ குறைவாகத்தான் விழுகிறது. கேட்டால் "மிஷின் பொய் சொல்லாது" என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மஸ்கெலியா

மிஷின் பொய் சொல்லாது, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். தராசில் தெரியும் எடை ஒன்று, பதியப்படும் எடை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சாக்குக்கு இவ்வளவு, மழை நாளில் தண்ணீருக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழிவு இருக்கும், அதை யாரோ ஒருவர் மென்பொருளில் எண்ணாகப் போட்டு வைத்திருப்பார். முன்பு அந்தக் கழிவைக் கங்காணியிடம் முகத்துக்கு நேரே கேட்டுச் சண்டை பிடிக்கலாம். இப்போது அது திரைக்குப் பின்னால் போய்விட்டது, அதுதான் உங்கள் அம்மாவுக்கு வந்த கஷ்டம்.

ஆகவே மிஷினோடு சண்டை வேண்டாம், துண்டைக் கேளுங்கள். மொத்த எடை, கழிவு, மிச்ச எடை என்று மூன்றும் தனித்தனியாக வரும் துண்டு. மிச்ச எடை மட்டும் வந்தால் அது துண்டே இல்லை. அம்மா ஒவ்வொரு நிறுவையிலும் திரையில் முதலில் தெரியும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதட்டும், எழுத முடியாவிட்டால் கூட வேலை செய்பவர்கள் யாராவது எழுதட்டும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் குறைந்தால் பிழை என்பார்கள், ஒரே மலையில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்தால் அது யாரோ போட்டு வைத்த கழிவு. அந்தக் கழிவு எவ்வளவு, யார் சொல்லிப் போட்டது என்று தொழிற்சங்கத் தலைவர் மூலம் துரையிடம் எழுத்தில் கேளுங்கள். தராசே பிழை என்று சந்தேகம் வந்தால், கொடுக்கல் வாங்கலுக்குப் பாவிக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் வேலை. தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில் இருந்து தொடங்கலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அப்புறம் மேலே கம்பளைக்காரருக்கு எழுதியதையும் வாசியுங்கள். அவர் கொழுந்துக்காரர் கணக்கில் ஒரு ரூபாய் பிழைக்கக் கூடாது என்று பயப்படுகிறார், ஏனென்றால் கொழுந்துக்காரர் வேறு லொறியில் ஏற்றிவிடுவார். உங்கள் அம்மாவால் அப்படி வேறு லொறிக்குப் போக முடியாது. கழிவு எண்ணை அவ்வளவு லேசாகப் போட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏ லெவல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இந்த ஈஆர்பி வேலைக்கு எங்களைப் போன்றவர்கள் போகலாமா, இல்லை அது கொழும்புப் பிள்ளைகளுக்கு மட்டுமா?
– தம்பி ஒருவர், தலவாக்கலை

போகலாம். சுவீடன்காரர்களின் ஐஎஃப்எஸ் என்ற ஈஆர்பி கம்பெனி, மிஷினை விற்ற பிறகு திருத்திப் பராமரிக்கும் வேலைகளுக்கான மென்பொருளுக்குப் பேர் போனது, 1997இல் இருந்து இலங்கையிலும் ஆட்களை வைத்து அந்த மென்பொருளை எழுதுகிறது. அந்தப் படிக்கு நேரே ஏற முடியாவிட்டால் பக்கத்து வாசல் இருக்கிறது: இப்படியான மென்பொருளைத் தொழிற்சாலையில் பூட்டி, ஆட்களுக்குப் பழக்கித் தரும் வேலை. அதற்கு நிரல் எழுதத் தெரிவதை விட இரட்டைப் பதிவுக் கணக்கும், ட்ரஃபில் கிடக்கும் கொழுந்து எந்த மாதக் கணக்கு என்பதும் தெரிய வேண்டும். முதலாவதைப் படிக்கலாம். இரண்டாவது தலவாக்கலையில் இருக்கும் உங்களுக்குக் கொழும்புப் பிள்ளையை விடக் கிட்ட. ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் போனால் டொலரில் காசு கேட்கிறது. என்ன செய்வது?
– ஆசிரியர், பண்டாரவளை

காசு கட்ட வேண்டாம். கூகுள் ஸ்கொலரில் கட்டுரைப் பெயரைப் போட்டு, அதன் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று இருப்பதை அமுக்கினால் பெரும்பாலும் ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்ட பிரதி ஒன்று அகப்படும். இல்லாவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், இரண்டு வரி போதும், நிறையப் பேர் சந்தோஷமாக அனுப்புவார்கள், அந்தக் காசில் அவர்களுக்குச் சதம் கூட வருவதில்லை. இலங்கை ஆய்விதழ்களுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தேயிலை பற்றியது என்றால் தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் இருந்து இயங்குவது. போவதற்கு முன் நூலகத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.